மைலேஜ் என்னங்க குடுக்கும்? பழைய வேகக் கார் வாங்கப் போகும் தம்பிக்கு

அவிநாசியில் குடியிருந்து கோவை உப்பிலிபாளையம் பக்கம் வேலைக்குப் போய் வரும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். மூன்று லட்ச ரூபாய்க்குள் பழைய கார் ஒன்று வேண்டும், ஓட்டினால் மனம் நிறைய வேண்டும் என்கிறார். ஃபியட் பாலியோ 1.6, ஹோண்டா சிட்டி விடெக், ஃபோர்டு ஃபியஸ்டா 1.6 எஸ், ஃபியட் லினியா டி-ஜெட் ஆகியவற்றைப் பார்த்து வைத்திருக்கிறார். கையை விட்டுக் கொஞ்சம் கூடப் போட்டால் போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ.யும் கிடைக்கிறதாம். இவை உண்மையில் லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்பதே அவருடைய கேள்வி. விற்பவர்களிடம் கேட்டால், எந்த வண்டியானாலும் "பதினஞ்சு குடுக்குமுங்க" என்ற ஒரே பதில்தான் வருகிறது என்று வருத்தப்பட்டிருக்கிறார்.

அந்தப் பதினைந்து முழுப் பொய்யும் அன்று, முழு உண்மையும் அன்று. நானும் நண்பர்களும் டேங்க் நிரப்பிக் கணக்குப் பார்த்த வண்டிகளை வைத்து, ஏ.சி. போட்டு ஓட்டிய கணக்கையே சொல்கிறேன். பாலியோ 1.6 ஊருக்குள் எட்டிலிருந்து ஒன்பது, பைபாஸில் பன்னிரண்டு பதின்மூன்று. சிட்டி விடெக் ஊருக்குள் பத்து பதினொன்று, பைபாஸில் பதினைந்து பதினாறு. ஃபியஸ்டா 1.6 இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்கும். டி-ஜெட் ஊருக்குள் எட்டு ஒன்பது. பைபாஸில் நிதானமாகப் போனால் பதினான்கு வரை வரும், காலை அழுத்தினால் பத்துக்கு இறங்கிவிடும். போலோ ஜி.டி. ஊருக்குள் பத்து பதினொன்று, பைபாஸில் பதினாறு பதினேழு. இவை எல்லாம் நல்ல நிலையில் இருக்கும் வண்டிகளின் கணக்கு. நிலை கெட்ட வண்டி இவற்றில் எதையும் தராது. என் அனுபவத்தில் ஒரே மாடலில் நல்ல வண்டிக்கும் கெட்ட வண்டிக்கும் உள்ள வித்தியாசம், ஒரு மாடலுக்கும் இன்னொரு மாடலுக்கும் உள்ள வித்தியாசத்தைவிடப் பெரியது. ஆகவே எந்த மாடல் வாங்குவது என்பதைவிட எந்த வண்டியை வாங்குவது என்பதே மைலேஜைத் தீர்மானிக்கிறது.

நிறுவனங்கள் அறிவித்த மைலேஜ் எண்ணை ஏன் நம்பக்கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். போலோ ஜி.டி.க்குச் சோதனையில் கிடைத்த எண் 17.2. அந்தச் சோதனை சாலையில் நடப்பதில்லை. ஓர் உருளையின் மேல் சக்கரங்களைச் சுழலவிட்டு, ஏறத்தாழ இருபது நிமிடத்தில் முடித்துவிடுகிறார்கள். உச்ச வேகம் 90 கிலோமீட்டர், ஏ.சி. ஓடுவதில்லை, மேடு பள்ளமோ எதிர்க்காற்றோ கிடையாது. வண்டிகளை ஒன்றோடொன்று ஒப்பிட அந்த எண் உதவும், உங்கள் பெட்ரோல் செலவைக் கணிக்க உதவாது. பட்டியலில் முதலில் உள்ள பாலியோ 2001-இல் இங்கே வந்தது. அந்தக் காலத்து வண்டிகளுக்கு ஒப்பிடவும் இப்படியொரு எண் கையில் இல்லை.

இந்த வகைக் கார்கள் ஏன் அதிகம் குடிக்கின்றன என்பதற்குப் பலரும் "பெரிய இஞ்சின், அதனால்தான்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். அதில் பாதி உண்மைதான் இருக்கிறது. பெட்ரோல் இஞ்சின் தனக்கு வேண்டிய சக்தியைக் காற்றை அடைத்துத்தான் குறைத்துக்கொள்கிறது. நூறு குதிரைத்திறன் தரக்கூடிய இஞ்சினிலிருந்து ஹோப் காலேஜ் சிக்னலில் ஊர்ந்து போக ஏழெட்டுக் குதிரைத்திறன் மட்டும் கேட்கும்போது, காற்று வரும் வழி ஏறக்குறைய மூடிக் கிடக்கிறது. மூடிய வாயில் வழியே காற்றை உறிஞ்சுவதற்கே இஞ்சின் தன் உழைப்பில் ஒரு பங்கைச் செலவிடுகிறது. மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுபவனுக்கு மூச்சிரைப்பது போலத்தான். அதே இஞ்சின் பெருந்துறை தாண்டிச் சீராக எண்பதில் போகும்போது வாயில் அதிகம் திறந்திருப்பதால், அதே பெட்ரோலில் கூடுதல் வேலை செய்கிறது. ஊருக்குள்ளும் வெளியிலும் சிறிய 800 சி.சி. வண்டியில் தெரியும் வித்தியாசத்தைவிட இந்தக் கார்களில் தெரியும் வித்தியாசம் பெரிதாக இருப்பதற்கு இதுதான் காரணம். இதனுடன் கியர் விகிதமும் சேர்ந்துகொள்கிறது. துள்ளிப் பாய வேண்டும் என்பதற்காகக் குறுகிய கியர்கள் வைத்த வண்டி, ஐந்தாவது கியரிலும் அதிகச் சுற்றில் கத்திக்கொண்டே போகும்.

டர்போ, அதாவது வெளியேறும் புகையின் விசையால் சுழன்று இஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும் விசிறி, உள்ள இஞ்சின்களின் கதை சற்று வேறு. 1,368 சி.சி. கொண்ட டி-ஜெட் 114 குதிரைத்திறன் தருகிறது, 1,197 சி.சி. கொண்ட போலோ ஜி.டி. 105 தருகிறது. டர்போ வேலை செய்யாத மெல்லோட்டத்தில் இவை சிறிய இஞ்சின்களே, ஆகவே சிக்கனமாகவே ஓடும். காலை அழுத்தியதும் கூடுதல் காற்று உள்ளே தள்ளப்பட்டு, அதற்கேற்பப் பெட்ரோலும் பாய்கிறது. முழு அழுத்தத்தில் வெளிவரும் புகையின் வெப்பம் டர்போவைக் கெடுத்துவிடாமல் இருக்க, எரிவதற்குத் தேவையானதைவிட அதிகமாகவே பெட்ரோலைத் தெளித்துக் குளிரவைக்கிறது கட்டுப்பாட்டுக் கணினி. அந்தப் பெட்ரோல் உங்களை ஓர் அடிகூட முன்னே தள்ளாது. டர்போ வண்டி வைத்திருக்கும் இரண்டு பேர் "எனக்குப் பதினேழு", "எனக்குப் பத்து" என்று சண்டை போட்டால் இருவரும் உண்மையே பேசுகிறார்கள் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இனி நம் ஊர்ச் சாலைக்கு வருகிறேன். கொங்கு நாட்டில் மைலேஜ் கணக்குப் போடுகிறவர்கள் மறந்துவிடும் இரண்டு விஷயங்கள் மேடும் காற்றும்.

கோவை கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 410 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஈரோடு ஏறத்தாழ 180 மீட்டரில். இடையில் மலை எதுவும் இல்லாததால் நமக்கு அது சமதரையாகவே தோன்றும். 1,200 கிலோ எடையுள்ள வண்டியை 230 மீட்டர் தூக்கி நிறுத்த ஆகும் ஆற்றலைக் கணக்கிட்டால், இஞ்சினின் வீணடிப்பையும் சேர்த்து, ஒரு லிட்டரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பெட்ரோல் அதற்கே போகிறது. நூறு கிலோமீட்டருக்கு ஆறேழு லிட்டர் குடிக்கும் வண்டியில் இது ஐந்து சதவீதம். ஈரோட்டுக்குப் போகும்போது மட்டும் கணக்கெடுத்துவிட்டு, "என் வண்டி பதினாறு குடுக்குது" என்று சொல்பவர் இறக்கத்தின் கொடையைத் தன் வண்டியின் பெருமையாக எண்ணிக்கொள்கிறார். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு ஏறுவதோ ஏறக்குறைய 1,900 மீட்டர் ஏற்றம்; ஏறுவதற்கு மட்டுமே இரண்டரை லிட்டருக்குக் குறையாமல் போகும். இறங்கும்போது கியரிலேயே விட்டு, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டால் இந்தக் கார்களின் இன்ஜெக்டர்கள் பெட்ரோலை முழுக்க நிறுத்திவிடும். மிச்சம் பிடிப்பதாக நினைத்து நியூட்ரலில் இறங்குகிறவர், இஞ்சினை ஓடவைத்துக்கொண்டிருக்கவே பெட்ரோல் கொடுக்கிறார். பிரேக்கையும் தீய்த்துக்கொள்கிறார், உயிரையும் பணயம் வைக்கிறார்.

காற்றைப் பற்றிப் பல்லடம், உடுமலைப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அங்கே காற்றாலைகள் வரிசைகட்டி நிற்பதே பாலக்காட்டுக் கணவாய் வழியே பீறிட்டு வரும் மேல்காற்றை நம்பித்தான். ஆடியில் அந்தக் காற்று மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் முகத்துக்கு நேரே அடிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் எண்பதில் போனாலும், காற்றைக் கிழிக்கும் வேலையைப் பொறுத்தவரை வண்டி நூற்றுப் பத்தில் போகிறது. காற்றின் தடை வேகத்தின் இருமடிப்படி கூடும் என்பதால், எண்பதில் இருக்கும் தடையைப் போல ஏறத்தாழ 1.9 மடங்கு. உங்கள் வழி காலையில் அவிநாசியிலிருந்து தென்மேற்காகக் கோவைக்குப் போவது. ஆக ஆனி, ஆடி மாதங்களில் காலையில் எதிர்க்காற்று, மாலையில் பின்காற்று. போகும்போது இழப்பது திரும்பும்போது முழுதாகத் திரும்பி வருவதில்லை. தடை இருமடியாகக் கூடும் கணக்கு நமக்குச் சாதகமாக இல்லை. காற்றில்லாத மார்கழியிலும் நீங்கள் நூற்றுப் பத்தில் பறந்தால் இதே தண்டம்தான், அது மட்டும் நீங்களே தேடிக்கொண்டது.

எனவே மைலேஜ் பார்ப்பதற்கு ஒரே முறைதான் உண்டு. ஒரே பெட்ரோல் பங்கில், ஒரே பம்பில், தானாக கட் ஆகும் வரை நிரப்புங்கள். அதற்குமேல் "இன்னும் கொஞ்சம்" என்று ஊற்றச் சொல்லாதீர்கள். போக வர என இரு திசையிலும் ஓட்டி, அதே பம்பில் மறுபடி நிரப்புங்கள். இப்படி மூன்று முறை செய்து, மொத்தக் கிலோமீட்டரை மொத்த லிட்டரால் வகுக்க வேண்டும். கண்ணாடிக்குக் கீழே மின்னும் கணினி எண் பெரும்பாலும் கொஞ்சம் தாராளமாகவே சொல்லும். இன்னொரு சூட்சுமம் டயரில் இருக்கிறது. 175/65 ஆர்14 டயரோடு வந்த காருக்கு, பார்வைக்கு நன்றாக இருக்கிறதென்று 195/60 ஆர்15 போட்டிருந்தால், சக்கரத்தின் விட்டம் ஐந்து சதவீதத்துக்கும் மேல் கூடிவிடுகிறது. மீட்டர் நூறு காட்டும்போது வண்டி 105 ஓடியிருக்கும். கணக்கில் பன்னிரண்டு என வருவது உண்மையில் பன்னிரண்டரையைத் தாண்டும்; ஆனால் அகலமான, கனமான சக்கரத்தை உருட்டுவதற்கே கொஞ்சம் பெட்ரோல் கூடுதலாகப் போகும். ஓடோமீட்டர் காட்டும் ஓட்டமும் அந்த வண்டியில் குறைவாகவே பதிவாகியிருக்கும்.

வண்டியின் நிலையைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் என் கைப்பணம் அதிகம் போனது இதில்தான். சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு 1.6 லிட்டர் பெட்ரோல் கார் வாங்கினேன். ஊருக்குள் ஆறரை, எவ்வளவு பொறுமையாக ஓட்டினாலும் ஏழைத் தாண்டவில்லை. பிளக் மாற்றினேன், ஏர் ஃபில்டர் மாற்றினேன், இன்ஜெக்டர் சுத்தம் செய்தேன்; பர்ஸ்தான் இளைத்தது. கடைசியில் ஒரு வயதான மெக்கானிக் வெப்பமானியின் முள்ளைப் பார்த்துவிட்டு, "இந்த வண்டியில தெர்மோஸ்டாட் வால்வு இருக்குதுங்களா?" என்று கேட்டார். இஞ்சின் சூடேறும் வரை குளிர்நீரை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் அடைத்து வைக்கும் வால்வு அது. பிரித்துப் பார்த்தால் இல்லை. வெயில் காலத்தில் இஞ்சின் சூடேறிவிடும் என்று பயந்து, முன்பு யாரோ ஒருவர் அதைக் கழற்றி எறிந்துவிட்டார். நம் பக்கத்தில் இது பழைய வழக்கம். தெர்மோஸ்டாட் இல்லாத இஞ்சின் சரியான வெப்பத்துக்கு வெகு நேரம் வருவதில்லை. கணினியோ இஞ்சின் இன்னும் காலைக் குளிரில் இருப்பதாக எண்ணி, பெட்ரோலை அதிகமாகத் தெளித்துக்கொண்டே இருக்கும். சில நூறு ரூபாய் மதிப்புள்ள அந்த உதிரிபாகத்தைப் போட்டதும் எட்டுக்கு வந்தது. அதன்பின் இடது முன்சக்கரப் பிரேக் காலிப்பர் இறுகிப்போய், பட்டை எப்போதும் உரசிக்கொண்டிருந்ததைக் கண்டுபிடித்துச் சரிசெய்தபோது ஒன்பதைத் தொட்டது. ஆறரைக்கும் ஒன்பதுக்கும் நடுவில் இருந்தவை இவ்வளவுதான்.

அன்றிலிருந்து மைலேஜை நான் வண்டியின் நாடித்துடிப்பாகவே பார்க்கிறேன். விற்பவர் "இது பெர்ஃபார்மன்ஸ் வண்டிங்க, குடிக்கத்தான் செய்யும்" என்று சிரித்தால், அந்தச் சிரிப்புக்குப் பின்னால் ஒரு பழுது ஒளிந்திருக்கலாம். கிழடு தட்டிய ஆக்ஸிஜன் சென்சார், காற்று கசியும் ரப்பர் குழாய், டர்போ வண்டியானால் இன்டர்கூலர் குழாயில் வெடிப்பு, தேய்ந்து நழுவும் கிளட்ச், கோணம் விலகிய சக்கரங்கள் என்று பட்டியல் நீளும். போலோ, லினியா போன்றவற்றில் பழுது காட்டும் ஸ்கேனரைச் செருகி, பெட்ரோலைக் கணினி எத்தனை சதவீதம் கூட்டிக் குறைத்துத் திருத்துகிறது என்ற நீண்டகால எண்ணைப் பார்க்கச் சொல்லுங்கள். சிட்டி விடெக் போன்ற பழையவற்றில் அந்த வசதியை எதிர்பார்க்க வேண்டாம். பிளக்கைக் கழற்றி அதன் நிறத்தைப் பார்ப்பதே வழி. கருப்பாகப் புகை படிந்திருந்தால் பெட்ரோல் வீணாகிறது. வெளிர் பழுப்பாக இருந்தால் நல்லது.

செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கும் ஊர் நம்முடையது. ஃபார்முலா மாருதி பந்தயக் கார்களை உருவாக்கிய கரிவரதன் வாழ்ந்த ஊர். வேகத்தின் மேல் நமக்குப் பாசம் அதிகம், அதனால் சந்தையில் "வேலை பார்த்த" வண்டிகளும் அதிகம். கோன் ஃபில்டர், ஃப்ரீ ஃப்ளோ சைலன்ஸர், ரீமேப் (இஞ்சின் கணினியின் கணக்கை மாற்றி எழுதுவது) இவற்றில் எது இருந்தாலும் யார் செய்தது, எந்தக் கணக்கில் செய்தது என்று கேளுங்கள். நேர்த்தியாக ரீமேப் செய்த டர்போ வண்டி மெல்ல ஓட்டும்போது பழைய மைலேஜையே தரும். அரைகுறை வேலை எல்லா வேகத்திலும் அதிகமாக ஊற்றும். அடையாளம் தெரியாத மாற்றங்கள் உள்ள வண்டியை, விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும், நான் தொடுவதில்லை.

அடுத்து பெட்ரோல். இப்போது பங்கில் கிடைப்பது இருபது சதவீதம் எத்தனால் கலந்தது. எத்தனாலில் லிட்டருக்கு உள்ள ஆற்றல் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. ஆகவே கலவையில் ஆறேழு சதவீதம் குறைந்துவிடுகிறது. இந்தக் கலவைக்காக வடிவமைக்கப்படாத பழைய நான்கு சக்கர வண்டிகளில் மைலேஜ் 6 முதல் 7 சதவீதம் குறையும் என்று நிதி ஆயோக் 2021-இல் வெளியிட்ட அறிக்கையே மதிப்பிட்டது. உங்கள் பட்டியலில் உள்ள எல்லா வண்டிகளும் இந்த வகைதான். பத்தாண்டுக்கு முன் ஒருவர் பதினைந்து என்று எழுதி வைத்திருந்தால், இன்று அதைப் பதினான்கு என்று படியுங்கள். ஸ்கேனரில் ஐந்து முதல் எட்டு சதவீதம் கூட்டல் தெரிந்தாலும் பதற வேண்டாம், அது எத்தனாலின் வேலை. பத்தைத் தாண்டினால்தான் கசிவைத் தேட வேண்டும். வண்டி வாங்கியதும் பெட்ரோல் குழாய்களின் ரப்பரை மாற்றிவிடுவது மைலேஜுக்காக அன்று, பாதுகாப்புக்காக. விலை கூடிய பிரீமியம் பெட்ரோலில் கூடுதல் ஆற்றல் எதுவும் இல்லை. டர்போ இஞ்சின் வெயிலில் தட்டல் ஓசை எழுப்பித் தன்னைத் தானே அடக்கிக்கொள்ளும் நிலையில் மட்டும் அது உதவும். பாலியோவுக்கும் சிட்டிக்கும் அது வீண் செலவு.

உங்கள் கணக்குக்கு வருவோம். போக வர நாளொன்றுக்கு எண்பது கிலோமீட்டர், மாதத்துக்கு இருபத்தைந்து நாள், ஆக 2,000 கிலோமீட்டர். லிட்டருக்குப் பன்னிரண்டு தரும் வண்டி 167 லிட்டர் குடிக்கும். இருபது தரும் சாதாரணச் சிறு கார் 100 லிட்டரோடு நிறுத்திக்கொள்ளும். லிட்டர் நூறு ரூபாய் என்றே வைத்தாலும் வித்தியாசம் மாதம் 6,700 ரூபாய், ஆண்டுக்கு எண்பதாயிரம். மூன்று லட்ச ரூபாய் வண்டிக்கு இது சின்னத் தொகை இல்லை. அதே வண்டியை ஞாயிற்றுக்கிழமைக்கென்று வைத்து மாதம் 300 கிலோமீட்டர் ஓட்டினால் வித்தியாசம் பத்து லிட்டர், ஆயிரம் ரூபாய். அந்த ஆயிரத்துக்காக மாடலை மாற்றிக்கொள்ள வேண்டியதில்லை. அப்போது பாலியோவை வாங்கினாலும் நான் தடுக்க மாட்டேன். பதினைந்து ஆண்டு தாண்டிய வண்டியென்றால் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணமும் எஃப்.சி. செலவும் தனி, அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

தினமும் ஓட்டத்தான் போகிறேன் என்றால், என் வாக்கு சிட்டி விடெக்குக்கே. எடை குறைவு, டர்போ என்ற தொந்தரவு இல்லை, 106 குதிரைத்திறனும் கேட்டால் வந்து நிற்கும். உங்கள் வழியும் முன்பைவிட நல்லதாகிவிட்டது. 2025 அக்டோபரில் திறந்த ஜி.டி. நாயுடு மேம்பாலம் கோல்டுவின்ஸிலிருந்து உப்பிலிபாளையம் வரை பத்து கிலோமீட்டருக்கு உங்களைச் சிக்னல் இல்லாமல் கொண்டுபோய் விடுகிறது. நின்று நின்று கிளம்பும் அந்தப் பத்து கிலோமீட்டர்தான் இந்த வகை வண்டிகளின் மைலேஜைத் தின்றுகொண்டிருந்தது. மேலே சீராகப் போனால், நிலை நன்றாக உள்ள சிட்டி உங்களுக்கு மொத்தத்தில் பதின்மூன்று பதினான்கு தரும். அதற்குமேல் சிக்கனமும் வேண்டும், இழுவையும் வேண்டும் என்றால் பழைய ஆக்டேவியா 1.9 டீசலைப் பார்க்கலாம். பைபாஸில் பதினெட்டுக்குக் குறையாது. ஆனால் பெட்ரோல் இஞ்சின் கத்தும் சுகத்துக்காகத்தானே நீங்கள் கேட்டீர்கள்.

வண்டியைப் பார்க்கப் போகும்போது, இஞ்சின் குளிர்ந்திருக்கும் காலை நேரத்தில் போங்கள். முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று திரும்பிவிடுங்கள். குளிரில் கிளப்பி, வெப்ப முள் நடுவுக்கு வர எத்தனை கிலோமீட்டர் ஆகிறது என்று கவனியுங்கள். நாலைந்து கிலோமீட்டருக்குள் வந்து நின்றுவிட வேண்டும். சமதரையில் அறுபதில் போகும்போது நியூட்ரலுக்குத் தள்ளி, வண்டி தடையில்லாமல் உருண்டு போகிறதா, யாரோ பின்னால் பிடித்து இழுப்பது போலச் சட்டென்று தளர்கிறதா என்று பாருங்கள். அரை மணி நேரம் ஓட்டி, கடைசி ஒரு கிலோமீட்டருக்குப் பிரேக்கையே தொடாமல் வந்து நிறுத்தி, நான்கு ரிம்மின் பக்கத்திலும் புறங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒன்று மட்டும் மற்றவற்றைவிடக் கொதித்தால், அந்தச் சக்கரத்தின் பிரேக் வேலைக்கு ஆகும் செலவை விலையில் கழித்துவிட்டுப் பேசத் தொடங்குங்கள்.